அமரத்தில் முக்கால் அங்குலம்

சிறு படகின் அமரத்தில், அதாவது பின்முனையில், குறுக்காக நிற்கும் தடித்த பலகைக்கு வெளியே தொங்குமாறு மாட்டப்படும் எஞ்சின் வெளிப்பொருத்து எஞ்சின் எனப்படுகிறது. மேலே தலைப்பகுதி, அதிலிருந்து நீருக்குள் இறங்கும் கால், காலின் அடியில் சுழற்சியைச் செங்குத்திலிருந்து கிடைமட்டத்துக்கு மாற்றும் பற்சக்கரப் பெட்டி, பெட்டியின் பின்னே சுழலும் புரொப்பல்லர் ஆகிய யாவும் ஒரே உறுப்பாக இணைந்திருப்பதால், இதைக் கழற்றி ஒரு படகிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது எளிது. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஓலே எவின்ரூட் 1909-இல் மில்வாக்கி நகரில் விற்பனைக்குக் கொண்டுவந்த எஞ்சின் பரவலாக விரும்பப்பட்டதற்கு இந்த எளிமையே பெருங்காரணம். ஆனால் அதே எளிமை ஒரு பொறுப்பையும் இடம் மாற்றிவிட்டது. உள்ளே எஞ்சின் வைத்துக் கட்டப்படும் படகில் புரொப்பல்லர் எந்த ஆழத்தில் சுழல வேண்டும் என்பதைப் படகு கட்டுபவர் தண்டுக்கான துளையை இடும்போதே முடிவு செய்துவிடுகிறார். வெளிப்பொருத்து எஞ்சினிலோ படகைக் கட்டியவர் ஒருவர், எஞ்சினைச் செய்தவர் வேறொருவர் என்பதால், இரண்டையும் சேர்த்து மாட்டுகின்ற மூன்றாமவரின் கையில் அந்த முடிவு வந்து சேர்கிறது.

அவருக்கு உதவியாகச் சில நியம அளவுகள் உண்டு. அமரப் பலகையின் மேல் விளிம்பில் உட்காரும் கொக்கியிலிருந்து, புரொப்பல்லருக்குச் சற்று மேலே காலைச் சுற்றி இறகுபோல் நீண்டிருக்கும் தட்டையான தகடு வரையுள்ள தூரமே காலின் நீளமாகக் கொள்ளப்படுகிறது. அது குட்டைக் காலில் ஏறத்தாழ 15 அங்குலமாகவும், நெட்டைக் காலில் 20 அங்குலமாகவும், அதனினும் நீண்டதில் 25 அங்குலமாகவும் இருக்கும். அமரப் பலகையின் மேல் விளிம்பிலிருந்து அதன் நடுவில், படகின் அடிமுதுகெலும்பான ஏரா முடியுமிடம் வரை அளந்தால் கிடைப்பது பலகையின் உயரம். இவ்விரண்டு அளவுகளும் ஒத்திருக்க வேண்டும் என்பதே முதல் விதி. 20 அங்குலப் பலகையில் 15 அங்குலக் காலை மாட்டினால் புரொப்பல்லர் நீரைவிடக் காற்றையே அதிகம் கடையும். 15 அங்குலப் பலகையில் 20 அங்குலக் காலை மாட்டினால் 5 அங்குல இரும்பையும் அலுமினியத்தையும் படகு வீணாக நீரில் இழுத்துச் செல்லும். இந்த அளவுக்குப் பிழை செய்வோர் குறைவு. கவனத்தைக் கோருவது இதற்கு அடுத்து வரும் நுண்ணிய திருத்தம். போல்ட்டால் பிணைக்கப்படும் எஞ்சின்களின் தாங்கியில் மேலும் கீழுமாக வரிசையாக இடப்பட்டிருக்கும் துளைகளுக்கிடையே உள்ள தூரம் வழக்கமாக முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர். ஒரு துளை ஏற்றுவதா இறக்குவதா என்பதில்தான் படகின் வேகமும், எரிபொருள் செலவும், எஞ்சினின் ஆயுளும் பெருமளவு அடங்கியிருக்கின்றன.

மேலே சொன்ன தட்டையான தகட்டைப் பட்டறைகளில் 'கேவிட்டேஷன் பிளேட்' என்றே அழைக்கின்றனர். இந்தப் பெயர் தவறானது. பெயரோடு சேர்ந்து காரணத்தைப் பற்றிய எண்ணமும் தவறிப்போனதால், இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது தேவை. புரொப்பல்லர் நீரைப் பின்னுக்குத் தள்ளுவதால் படகு முன்னேறுகிறது என்று சொல்வது பாதி உண்மை. ஒவ்வோர் இதழும் ஒரு விமானச் சிறகைப் போல வேலை செய்கிறது: அதன் பின்முகத்தில் நீரின் அழுத்தம் கூடுகிறது, படகை நோக்கிய முன்முகத்தில் அழுத்தம் குறைகிறது, இந்தக் குறைவினால் உண்டாகும் உறிஞ்சலே உந்துவிசையின் பெரும்பங்கைத் தருகிறது. அழுத்தம் மிகவும் குறைந்தால் நீர் தன் சாதாரண வெப்பநிலையிலேயே கொதித்து ஆவிக் குமிழ்களாக மாறும். இதுவே கேவிட்டேஷன், அதாவது ஆவிக் குமிழாக்கம். பிரிட்டனில் 1893-இல் நீரிலிறக்கப்பட்ட டேரிங் என்னும் போர்க்கப்பலின் ஓட்டச் சோதனைகளில் எதிர்பார்த்த வேகம் கிட்டாமற்போனபோது இந்நிகழ்வு அறிஞர்களின் கவனத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு சார்ல்ஸ் பார்சன்ஸ் தம் நீராவிச் சுழலிக் கப்பலான டர்பினியாவிலும் இதையே எதிர்கொண்டார். 1895-இல் ஒரு சிறிய நீர்ச்சுற்றுக் குழாயை அமைத்துக் குமிழ்கள் பிறப்பதைக் கண்ணால் கண்டு ஆராய்ந்த அவர், ஒற்றைத் தண்டுக்குப் பதிலாக மூன்று தண்டுகளில் ஒன்பது புரொப்பல்லர்களைப் பொருத்தி, 1897-இல் 34 நாட் வேகத்தைத் தொட்டார்.

சிறு படகின் அமரத்தில் நிகழ்வது பெரும்பாலும் இது அன்று என்பதைச் சில எண்களே காட்டிவிடும். கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். நீருக்குள் ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் சுமார் 1 கிலோபாஸ்கல் கூடுவதால், 30 சென்டிமீட்டர் ஆழத்தில் சுழலும் இதழைச் சூழ்ந்த அழுத்தம் 104 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். வெப்பமண்டலக் கடலின் 28 பாகை செல்சியஸ் நீர் கொதிக்க வேண்டுமானால் அந்த அழுத்தம் 4 கிலோபாஸ்கலுக்கும் கீழே விழ வேண்டும். அதாவது ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல் அளவுக்கு உறிஞ்சல் உண்டாக வேண்டும். ஆனால் நீரின் மேற்பரப்புக்கும் இதழுக்கும் இடையே எப்படியோ ஒரு வழி திறந்துவிட்டால், மேலேயுள்ள காற்று இதழை நோக்கி இறங்கிவர இதழின் முன்முகத்தில் வெறும் 3 கிலோபாஸ்கல் குறைவே போதும். அவ்வளவு குறைவு எந்தப் புரொப்பல்லரிலும் எப்போதும் இருக்கிறது. ஆகவே நீர் கொதிப்பதற்கு வெகு முன்னரே காற்று உள்ளே புகுந்துவிடுகிறது. இதைக் காற்றிழுப்பு எனலாம். நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது என்பதால், காற்று கலந்த நீரில் இதழுக்குப் பிடிமானம் போய்விடுகிறது; சுமை நீங்கிய எஞ்சின் திடீரென அலறுகிறது, சுற்றுவேகம் எகிறுகிறது, படகோ தளர்ந்து நிற்கிறது.

தகட்டின் வேலை இங்கேதான். அது இதழுக்கும் மேற்பரப்புக்கும் நடுவே ஒரு கூரையாக நின்று காற்று இறங்கும் வழியை மறைக்கிறது. ஆவிக் குமிழாக்கத்தை அதனால் தடுக்க முடியாது. இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு பெறப்படுகிறது. எஞ்சினை ஓர் அங்குலம் ஏற்றினாலும் இறக்கினாலும் புரொப்பல்லரைச் சூழ்ந்த அழுத்தம் கால் கிலோபாஸ்கல் அளவுக்கே மாறுகிறது, அது பொருட்படுத்தத்தக்கதன்று. மாறுவது கூரையின் இடம். 'ஆழமாக இருந்தால் நீர் நன்றாகப் பிடிக்கும்' என்று எண்ணி எஞ்சினை மேலும் மேலும் இறக்கி மாட்டும் வழக்கம் இந்த வேறுபாட்டை அறியாததால் நிலைத்திருக்கிறது. கூரை ஓடும் நீரின் மேற்பரப்பில் படிந்திருக்கிறது என்றால், அதற்கு மேல் ஆழம் சேர்ப்பதால் பிடிமானம் கூடுவதில்லை.

ஓடும் நீரின் மேற்பரப்பு எங்கே இருக்கிறது என்பதே அடுத்த கேள்வி, உண்மையில் இந்தப் பொருளின் நடுநாயகமான கேள்வியும் இதுதான். கரையோரம் நிற்கும் படகில் நீர் அமரப் பலகையின் பாதி உயரம் வரை ஏறியிருக்கும். தகடு நன்றாக மூழ்கியிருக்கும். படகு மெதுவாகச் செல்லும்போதும் நிலை ஏறத்தாழ அதுவே. வேகம் கூடக்கூட, படகின் அடியைத் தழுவி வரும் நீர் பலகையின் கீழ்விளிம்பைக் கடந்ததும் மேலே சுருண்டு ஏற நேரமின்றிப் பின்னோக்கிப் பாய்ந்துவிடுகிறது. அப்போது பலகையின் வெளிமுகம் முற்றிலும் நனையாமல் உலர்ந்து நிற்கிறது. நிற்கும் நிலையில் அமரம் கால் மீட்டர் மூழ்கியிருக்கும் படகில் இம்மாற்றம் நொடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர் வேகத்தில், அதாவது 8 நாட் அளவில் நிகழும். அதன்பின் படகு நீரை விலக்கிக்கொண்டு செல்வதை விட்டு நீரின் மேல் சறுக்கத் தொடங்குகிறது. இந்தச் சறுக்கு நிலையில் எஞ்சினின் கால் சந்திக்கும் மேற்பரப்பு, படகின் அடித்தளத்தின் நேர்கோட்டிலேயே இருக்கிறது. தகட்டைப் படகின் அடிக்கோட்டுக்கு நேராக வைக்க வேண்டும் என்ற விதி எங்கும் வழங்குவதற்குக் காரணம் இதுவே. அது நிற்கும் நீரைப் பற்றிய விதி அன்று, ஓடும் நீரைப் பற்றியது.

சறுக்கும் எண்ணமே இல்லாத படகுகளுக்கு, அதாவது பாய்மரப் படகுகளுக்கும் பாரம் ஏற்றி மெல்லச் செல்லும் ஓடங்களுக்கும், இந்த விதி பொருந்தாது. அவற்றில் அமரத்தின் பின்னே நீர் எப்போதும் மேலேறியே இருப்பதாலும், அலையில் அமரம் தூக்கும்போது புரொப்பல்லர் வெளிப்படக்கூடும் என்பதாலும், தகட்டைச் சில அங்குலம் தாழ்த்தி வைப்பதே தக்கது. குறைந்த வேகத்தில் அதனால் உண்டாகும் இழப்பும் சிறிது.

வேகமாகச் செல்லும் படகில் அந்த இழப்பு சிறிதன்று. மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கடல்நீர் ஒரு பரப்பின் மீது நேராக மோதினால் உண்டாகும் அழுத்தம் 51 கிலோபாஸ்கல். இது காற்றுமண்டல அழுத்தத்தில் பாதி. 8 சென்டிமீட்டர் அகலமுள்ள காலை இரண்டரை சென்டிமீட்டர் கூடுதலாக மூழ்கவைத்தால் கூடும் முகப்பரப்பு 20 சதுர சென்டிமீட்டர். அந்தப் பரப்பின் மீது முழு அழுத்தமும் விழுந்தால் தடை சுமார் 100 நியூட்டன், அதாவது 10 கிலோ எடையுள்ள கல்லைத் தூக்கும் விசைக்குச் சமம். காலின் வடிவம் நீரைப் பிளந்து செல்லுமாறு அமைந்திருப்பதால் அதில் மூன்றில் ஒரு பங்கே மிஞ்சுகிறது என்று கொண்டாலும், 30 நியூட்டன் தடையை நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் இழுத்துச் செல்ல 300 வாட் தேவை; புரொப்பல்லர் தனக்குக் கிடைக்கும் ஆற்றலில் பாதியளவையே உந்துவிசையாக மாற்றுகிறது என்று கணக்கிட்டால் எஞ்சின் தர வேண்டியது 600 வாட், ஏறத்தாழ முக்கால் குதிரைத்திறன். 25 குதிரைத்திறன் எஞ்சினில் இது முப்பதில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவு. ஓர் அங்குலத்துக்கு இவ்வளவு என்றால், இரண்டு மூன்று அங்குலம் தாழ்ந்து மாட்டப்பட்ட எஞ்சின் ஆண்டுதோறும் எரிக்கும் எண்ணெயை அதன் உரிமையாளர் தாமே எண்ணிப் பார்க்கலாம்.

தாழ்ந்திருக்கும் எஞ்சின் தன்னைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் உண்டு. தகட்டுக்கு மேலுள்ள தடித்த பகுதியில் நீர் மோதி விசிறிபோல் எழும்பி எஞ்சினின் மூடிவரை தெறிக்கிறது. சுக்கான் பிடி கனக்கிறது. அணியம், அதாவது முன்முனை, எழுவதற்குத் தாமதமாகிறது. தெறிக்கும் உப்புநீர் மூடிக்குள் காற்று உறிஞ்சும் வழியாகப் புகுவது வேகக் குறைவைக் காட்டிலும் பெரிய கேடு.

மிகையாக உயர்த்துவதன் கேடுகள் வேறு வகையைச் சேர்ந்தவை. நேர்க்கோட்டில் ஓடும்போது எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். படகைத் திருப்பும்போதுதான் குறை வெளிப்படும். திரும்பும் படகு ஒரு பக்கமாகச் சாய்வதாலும், கால் நீரோட்டத்துக்குக் குறுக்கே நிற்பதால் அதன் ஒரு பக்கத்தில் பள்ளம் விழுவதாலும், அந்தப் பள்ளத்தின் வழியே காற்று தகட்டைச் சுற்றி இறங்கிவிடுகிறது. பின்னாலிருந்து வரும் அலை படகைத் தூக்கும்போதும் இதுவே நேர்கிறது. இதைவிடக் கவலைக்குரியது குளிர்நீர். வெளிப்பொருத்து எஞ்சின்களில் பெரும்பாலானவை தாம் ஓடும் நீரையே உறிஞ்சித் தம்மைக் குளிர்வித்துக்கொள்கின்றன. அதற்கான சல்லடைத் துளைகள் தகட்டுக்குக் கீழே பற்சக்கரப் பெட்டியின் இரு பக்கங்களிலும் உள்ளன, நீரை மேலேற்றுவது காலுக்குள் இருக்கும் ஓர் இரப்பர்ச் சக்கரம். துளைகளில் காற்றும் நீரும் கலந்து நுழைந்தால் அந்த இரப்பர் உலர்ந்து தேய்கிறது, எஞ்சின் கொதிக்கிறது. எஞ்சினின் பக்கத்திலிருந்து மெல்லிய தாரையாக நீர் வெளியேறிக்கொண்டிருப்பது உள்ளே ஓட்டம் உண்டு என்பதற்கு அடையாளமாக வைக்கப்பட்டது. ஆயினும் தாரை தெரிகிறது என்பதனாலேயே தேவையான அளவு நீர் வருகிறது என்று கொள்ள முடியாது, ஆகையால் எஞ்சினை உயர்த்திப் பார்க்க விரும்புவோர் நீரழுத்தமானி ஒன்றைப் பொருத்திக்கொள்வது நல்லது. பந்தயப் படகுகளில் புரொப்பல்லரின் பாதி நீருக்கு வெளியே சுழலுமாறு எஞ்சினை உயர்த்துகின்றனர் என்பது உண்மையே. அவற்றின் இதழ்கள் அதற்கென்றே வடிக்கப்பட்டவை, நீர் உறிஞ்சும் துளைகளும் பெட்டியின் மூக்கில் தாழ்வாக அமைக்கப்பட்டவை. அந்தப் படகுகளைப் பார்த்து மீன்பிடிப் படகின் எஞ்சினை உயர்த்துவது பொருந்தாத ஒப்புமை.

அளவை எங்கே தொடங்குவது என்பதற்குப் படகைத் தரையில் நிறுத்தி, நேரான நீண்ட சட்டம் ஒன்றை ஏராவின் ஓரமாக அடித்தளத்தில் ஒட்டிப் பிடித்து, அதன் முனையை எஞ்சின் கால்வரை நீட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு முன் எஞ்சினின் சாய்வைத் திருத்தித் தகடு அடித்தளத்துக்கு இணையாக இருக்கச் செய்வது இன்றியமையாதது, ஏனெனில் கால் பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் தகட்டின் பின்நுனி மேலேறி, உயரம் கூடியதுபோல் பொய்த்தோற்றம் தரும். தகடு சட்டத்துக்கு நேராகவோ, அதற்கு ஓர் அங்குலம் வரை மேலாகவோ இருப்பது சறுக்கும் படகுகளுக்கு நல்ல தொடக்கம். எஞ்சின் பலகையில் நேரடியாக உட்காராமல் ஒரு தாங்குசட்டத்தின் மேல் பின்னே தள்ளி நிற்குமானால், படகின் அடியிலிருந்து விடுபட்ட நீர் அந்த இடைவெளியில் மெல்ல மேலேறுவதைக் கணக்கில் கொண்டு, ஒவ்வோர் அடி தூரத்துக்கும் சுமார் ஓர் அங்குலம் கூடுதலாக உயர்த்துவது வழக்கம்.

இது தொடக்கமே, முடிவு நீரில்தான் கிடைக்கும். அமைதியான நீரில், வழக்கமாகச் செல்லும் ஆட்களோடும் வலையோடும் எண்ணெயோடும் படகை ஓட்டி, ஒரே தூரத்தை இரு திசையிலும் கடந்து, நீரோட்டமும் காற்றும் தரும் பிழையைச் சராசரியில் நீக்கி, ஜி.பி.எஸ். காட்டும் வேகத்தையும் சுற்றுமானி காட்டும் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் ஒரு துளை உயர்த்தி மீண்டும் அதே ஓட்டம். உயர்த்தும் ஒவ்வொரு முறையும் தடை குறைவதால் வேகமும் சுற்றும் சற்றே ஏறும். ஒரு கட்டத்தில் சுற்று மட்டும் ஏறி வேகம் அப்படியே நின்றுவிடும், அல்லது திருப்பத்தில் எஞ்சின் அலறும், அல்லது நீரழுத்தம் இறங்கும். அந்த இடத்திலிருந்து ஒரு துளை இறக்கினால் அதுவே அந்தப் படகுக்கு, அந்தப் பாரத்துக்கு உரிய உயரம். முழு விசையில் சுற்று எண் தயாரிப்பாளர் குறித்த எல்லைக்குள் நிற்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். பல எஞ்சின்களில் அந்த எல்லை நிமிடத்துக்கு 5000 முதல் 6000 சுற்று, சிலவற்றில் சற்றுக் குறைவு. எல்லையைக் கடந்தால் புரி அதிகமுள்ள, அதாவது ஒரு சுற்றில் கூடுதல் தூரம் முன்னேறும், புரொப்பல்லருக்கு மாறுவது முறை, எஞ்சினைத் தாழ்த்திச் சுற்றைக் குறைப்பது முறையன்று.

தமிழ்நாட்டின் கண்ணாடி இழைப் படகுகளுக்கும் இலங்கையின் வடக்குக் கிழக்குக் கரைகளில் 18 அடி அளவில் ஓடும் படகுகளுக்கும் இந்தச் சோதனையைச் செய்யும்போது வேகத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ள முடியாது. சோழமண்டலக் கரையில் கரையலையைத் தாண்டுவதே ஒவ்வொரு பயணத்தின் முதல் தேர்வு; அலை முகட்டில் அமரம் எழும் அந்தச் சில நொடிகளில் புரொப்பல்லர் பிடி இழந்தால் படகு குறுக்கே திரும்பிக் கவிழும். அங்கே ஒரு துளை தாழ்வாக மாட்டி, கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுப்பதே அறிவுடைமை. பாக் விரிகுடாவிலும் யாழ்ப்பாணக் கடல்நீரேரியிலும் நிலைமை நேர்மாறானது: அலை தாழ்வு, நீர் ஆழமற்றது, அடியில் கடற்புல். அங்கு ஒவ்வோர் அங்குல உயர்வும் புரொப்பல்லரை மணலிலிருந்தும் வலைத்துண்டுகளிலிருந்தும் காப்பதோடு, இதழ்களால் உழப்படும் கடற்புல்லையும் காக்கிறது. அந்தப் புல்லையே உணவாகக் கொண்ட கடற்பசுவுக்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளுக்கு அப்பால் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022-இல் காப்பகமாக அறிவித்திருப்பதால், எஞ்சினின் உயரம் அங்கே எண்ணெய்க் கணக்கோடு முடியும் செய்தியாக இல்லை.

தமிழகக் கரையில் பரவலாகக் காணப்படும் நீளவால் டீசல் எஞ்சின்கள் இச்சிக்கலை வேறு விதமாகக் கடக்கின்றன. அவற்றில் எஞ்சின் படகுக்குள் ஓர் அச்சின் மீது அமர்ந்திருக்க, நீண்ட தண்டு சாய்வாகப் பின்னே இறங்கி நுனியில் புரொப்பல்லரைத் தாங்குகிறது. ஓட்டுபவர் கைப்பிடியை அழுத்தியும் தளர்த்தியும் அலைக்கு அலை ஆழத்தை மாற்றிக்கொள்கிறார். தண்டு 15 பாகை சாய்ந்திருந்தால் உந்துவிசையில் முன்னோக்கிப் பயன்படாமல் போவது நூற்றுக்கு மூன்றரைப் பங்குதான். கையின் உணர்வையே அளவுகோலாக்கிக்கொண்ட இந்த அமைப்பு, போல்ட் துளைகளால் எட்ட முடியாத ஒரு நெகிழ்வைத் தருகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

போல்ட் துளைகள் இல்லாமல் திருகுப் பிடியால் மட்டும் நிற்கும் சிறிய எஞ்சின்களை உயர்த்தப் பலகையின் மேல் மரத்துண்டு வைப்பதுண்டு. அவ்வாறு வைக்கும்போது திருகுகள் பலகையைக் கவ்வும் இடமும் மேலேறி விளிம்புக்கு நெருங்கிவிடுகிறது. அதனால் மரத்துண்டைப் பலகையோடு போல்ட்டால் ஊடுருவிப் பிணைத்து, எஞ்சினைப் படகோடு கட்டும் காப்புச் சங்கிலியையும் தவறாமல் மாட்ட வேண்டும். கண்ணாடி இழைப் படகுகளில் அமரப் பலகையின் உள்ளே பெரும்பாலும் ஒட்டுப்பலகையே இருக்கிறது, வெளியே தெரிவது அதைப் போர்த்திய இழைப்பூச்சு மட்டுமே. உயரத்தை மாற்றும்போது புதிதாக இடும் துளையையும், கைவிடப்படும் பழைய துளையையும் கடல்நீர் தாங்கும் பசையால் நிரப்பி அடைக்காவிட்டால், நீர் அந்த வழியே ஒட்டுப்பலகையில் ஊறி, வெளியே பார்வைக்கு எதுவும் தெரியாமலே உள்ளே பலகை இற்றுப்போகும். எஞ்சினை இரு கையாலும் பிடித்து மேலும் கீழும் அசைக்கும்போது பலகையும் சேர்ந்து நெகிழ்கிறதா என்று பார்ப்பதே அதைக் கண்டறிய எளிய வழி.